நல்லா அரிக்குது

"உடம்பைப் படைத்தவர் ஒரே ஒரு தவறு செய்திருந்தார். அதைப் பாளையங்கோட்டையில் வைத்து டாக்டர் ஆவுடையப்பன் திருத்தினார்."

கட்டவிழ்ப்பு நிலையத்தின் வாசலில் இந்த இரண்டு வாக்கியங்களும் கருங்கல்லில் பொறிக்கப்பட்டிருந்தன. எழுதிக் கொடுத்தவர் டாக்டர் ஆவுடையப்பன். முதலில் 'படைத்தவன்' என்றுதான் எழுதியிருந்தார். சக விஞ்ஞானியை அப்படிச் சொல்வது மரியாதையில்லை என்று தோன்றியதால் பிறகு மாற்றிக்கொண்டார்.

அந்தத் தவறின் பெயர் தயக்கம்.

நம் ரத்தத்தில் காவலணுக்கள் ரோந்து சுற்றுகின்றன. கிருமியைக் கண்டால் கொல்லும், கெட்டுப்போன அணுவைக் கண்டாலும் கொல்லும். ஆனால் ஒவ்வொரு காவலணுவின் மேலும் 'நிறுத்தி' என்றொரு மூலக்கூறு முளைத்திருக்கும். பஸ்ஸில் இறங்க வேண்டியவர் மணியை அமுக்குவதுபோல, உடம்பின் சொந்த அணு அதை அமுக்கினால் போதும், காவலணு நின்றுவிடும். நம்ம ஆள்தான் என்று விட்டுவிடும். புற்றணு இந்த மணியை அமுக்கக் கற்றுக்கொண்டதுதான் மனித குலத்தின் சோகம். இதை டாக்டர் மேடைதோறும் இப்படி விளக்குவார்:

"கல்யாண மண்டபத்துல யாருன்னே தெரியாத ஒருத்தன் முதல் பந்தியில உக்காந்து மூணாவது தடவை பாயாசம் கேக்கான். பொண்ணு வீட்டுக்காரன் வந்து கேட்டா, 'மாப்பிள்ளை வீடு'ங்கான். மாப்பிள்ளை வீட்டுக்காரன் கேட்டா, 'பொண்ணு வீடு'ங்கான். ரெண்டு பேரும் அவனைக் கும்பிட்டுட்டுப் போயிருதாங்க. அவன்தான்யா புத்துநோய்! அந்தக் கும்பிடுதான் நிறுத்தி! நான் என்ன பண்ணேன்? கும்பிடுத கையை வெட்டிட்டேன்."

கைதட்டல் ஓய்வதற்கு நேரமாகும்.

வெட்டிய கருவி, கட்டைவிரல் நகமளவு ஓர் ஒட்டு. பெயர் அவிழ்ப்பி. இடது தோளில் ஒட்டினால் எலும்பு மஜ்ஜை வரைக்கும் சேதி போய்விடும். அதன்பின் பிறக்கிற காவலணுக்கள் எல்லாம் நிறுத்தி இல்லாமலே பிறக்கும். வேலை முடிந்ததும் ஒட்டு தானாக உதிர்ந்துவிடும். அவிழ்ந்தது அவிழ்ந்ததுதான்.

பொய் சொல்லக்கூடாது, அது வேலை செய்தது. பத்தாண்டுகளில் புற்றுநோய் வார்டுகளைக் காலி செய்து இறகுப்பந்து ஆடினார்கள். தலைமுறை ஒன்று கட்டி என்றால் முகப்பரு என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தது.

ஒரு சின்னத் தொந்தரவு மட்டும் இருந்தது. அரிப்பு. கட்டவிழ்ந்த காவலணுக்கள் ஆர்வக்கோளாறில் தோலுக்கடியில் வந்து உலாத்தும். டாக்டர் இதற்கும் ஒரு வாக்கியம் வைத்திருந்தார். "அரிப்புங்கது காவல்காரனோட பூட்ஸ் சத்தம். கேட்டா நிம்மதியாத் தூங்கணும்." சொறிந்தால் காவல்காரனையே அடிப்பது போல. ஆகவே ஊர் சொறிவதை நிறுத்தியது. பஸ்ஸில் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்பதற்குக் கீழே 'சொறியாதீர்' என்று எழுதினார்கள். பெண் பார்க்கப் போனவர்கள், "பொண்ணுக்கு அரிக்குமா?" என்று விசாரித்தார்கள். "உள்ளங்காலெல்லாம் அரிக்கும்" என்று பெண்ணைப் பெற்றவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். வணக்கம் என்ற சொல் வழக்கொழிந்தது. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டார்கள்:

"அரிக்குதா?"

"நல்லா அரிக்குது."

எஸ்தர் ஜெபசீலி டீச்சர் எட்டாம் வகுப்புக்கு ஜியோமிதி எடுப்பவர். அவருடைய இடுப்பில் ரூபாய் அகலத்துக்கு ஒரு சிவப்பு வட்டம் வந்தபோது முதலில் பார்த்தது கணவர் தங்கத்துரை. மின்வாரியத்தில் வேலை. வெள்ளை மனது.

"ஏட்டி, செவந்துருக்கே! குடுத்துவச்சவ நீ. எனக்கெல்லாம் எப்பவாவது லேசா அரிச்சாலே பெருசு."

"ரொம்ப அரிக்குதுங்க."

"ரொம்பவா? ஆண்டவரே!" என்று அவர் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல ஓடினார்.

வட்டம் பெருகியது. வட்டங்கள் சேர்ந்து தீவாயின, தீவுகள் சேர்ந்து கண்டமாயின. மழைக்காலம் வருவதற்குள் டீச்சர் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தார். தோல் செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளங்கை வெடித்து, வெடிப்புக்குள் சாக்பீஸ் தூள் போய் எரிந்தது. காலையில் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து ராகம் போடுவார்கள்:

"அரிக்குதா டீச்சர்?"

"நல்லா அரிக்குது. உக்காருங்க."

பிறகு அவர் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைவார். அதன் கோணங்களைக் கூட்டச் சொல்வார். தலைகள் நோட்டில் குனிந்த நேரம் பார்த்து, ஓரடி இரும்பு ஸ்கேலை ரவிக்கையின் கழுத்துக்குள் செருகி முதுகைச் சொறிந்துகொள்வார். காம்பஸ் முனையால் 'எ. ஜெ., 8 பி' என்று பெயர் கீறிய ஸ்கேல். வீட்டிலும் அதுதான் துணை. விளக்கணைத்த பிறகு அவர் சொறிவார். தங்கத்துரை தூங்குவதுபோல் கிடப்பார். அவர் தூங்கவில்லை என்று டீச்சருக்குத் தெரியும். இரண்டு பேரும் நாகரிகமானவர்கள்.

இவ்வளவு சிவந்த உடம்பு ஊர் கண்ணுக்குத் தப்புமா? கட்டவிழ்ப்பு நிலையம் அந்த ஆண்டின் 'விழிப்புடல்' விருதை டீச்சருக்கு அறிவித்தது. ஆண்டு விழா மேடையில் டாக்டர் ஆவுடையப்பனே தம் கையால் ஜரிகை போட்ட பொன்னாடையைப் போர்த்தினார்.

உரித்த தோல் மேல் உப்புத்தாள் தேய்த்ததுபோல் இருந்தது டீச்சருக்கு. பல்லைக் கடித்தார். கும்பிட்டார். புகைப்படக்காரர் "இன்னொன்னு, இன்னொன்னு" என்றார். அதற்குமேல் முடியவில்லை. கைப்பைக்குள்ளிருந்து ஸ்கேல் வந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க டீச்சர் சொறிந்தார்.

 டாக்டர் மைக்கை எடுத்தார்.

"டீச்சரம்மா கணக்கு வாத்திச்சில்லா? எத்தனை சென்டிமீட்டர் அரிக்குன்னு அளக்காங்க."

வெடிச்சிரிப்பு. முன்வரிசையில் தங்கத்துரை கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துகொண்டார்.

"உங்களுக்காக ஒருத்தன் கண்ணு முழிச்சுக் காவல் நிக்கான். அவன் பூட்ஸ் சத்தம் பொறுக்கலன்னு அவன் மேலயே கல்லெறியலாமா? மாடு செய்யும். கம்பத்துல முதுகைத் தேய்க்குற எருமை செய்யும். மனுசன் செய்யலாமா?"

"செய்யக்கூடாது!" என்றது அரங்கம்.

டாக்டர் கை நீட்டினார். டீச்சர் ஸ்கேலைக் கொடுத்தார். வகுப்பில் பிடிபட்ட பிள்ளைகள் அவரிடம் எப்படிக் கொடுப்பார்களோ, அப்படி.

நிலையத்தின் ரத்தப் பிரிவில் இளம் மருத்துவர் இசக்கிராணி இருந்தாள். மறுநாள் அவள் டீச்சரின் ரத்தத்தை எடுத்து உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு டீச்சரைக் கையோடு கூட்டிக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனாள்.

"சார், இது அரிப்பு இல்ல. புத்துநோய்."

"நம்ம ஊர்லயா?" தாமிரபரணியில் திமிங்கலம் என்று கேட்டதுபோல் சிரித்தார் டாக்டர்.

"காவலணுவே புத்தாயிருக்கு சார். ஒத்தை அணு கெட்டுப்போயி தன்னையே நகல் எடுத்துக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு அணுவுக்கும் உட்கரு மூளை மாதிரி மடிஞ்சு மடிஞ்சு கெடக்கு. ரத்தத்துல சுத்திட்டு தோல்ல வந்து குடியேறுது. ரொம்ப அபூர்வமான நோய். முன்னாடி இப்படி ஒன்னு கெட்டா அதோட நிறுத்திதான் அதை அடக்கிப் பிடிச்சு வச்சிருக்கும். நாம அதையும் கழட்டிட்டோம்லா?"

"நம்ம காவலணுவா?"

"மண்டபத்துல பந்தி விசாரிக்கவரே மூணாவது தடவை பாயாசம் குடிக்காரு சார்."

தம்முடைய உவமையைப் பிறர் எடுத்தாள்வது டாக்டருக்குப் பிடிக்காது. சிரிப்பு நின்றது.

"இப்ப என்ன செய்யணும்ங்கே?" என்றார் அவளிடம்.

"குளிர்பெட்டியில மறுபூட்டி இருக்குல்லா சார்?"

இருந்தது. அவிழ்ப்பியைச் சோதித்த காலத்தில் ஆபத்துக்கு உதவும் என்று தயாரித்து வைத்த ஊசிமருந்து. நிறுத்தி இல்லாத காவலணுவின் மேல் செயற்கையாக ஒரு நிறுத்தியை மாட்டிவிடும். ஒரு பெட்டி மிச்சமிருந்தது.

"மறுபூட்டி குடுத்தா நாளைக்குப் பேப்பர்ல என்ன போடுவான்? அவுத்தவரே கட்டினாருன்னு போடுவான்."

டீச்சர் அதுவரை நாற்காலியின் விளிம்பில், எதிலும் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். மெதுவாகச் சொன்னார்:

"சார், எனக்குப் பெரிய ஆசையெல்லாம் கெடையாது. ஒரு ராத்திரி தூங்கணும். கிறிஸ்மஸுக்குப் பட்டுச்சேலை உடுத்தணும். இப்ப நூல்சேலை பட்டாலே உசிரு போவுது."

"டீச்சரம்மா, நான் ஒன்னு கேக்கேன். ஒரு பையனுக்குக் கணக்கு தப்பா வருது. நீங்க சூத்திரத்தை மாத்துவீங்களா?"

"மாத்த மாட்டேன் சார்."

"பின்ன?"

"அழிச்சிட்டு மறுபடி போடச் சொல்லுவேன்."

அந்தப் பதிலின் முற்பாதி டாக்டருக்கு மிகவும் பிடித்திருந்தது.

அடுத்த மாதம் 'தடையொழிப்பு விழா' நடந்தது. பூமியில் மிச்சமிருந்த கடைசித் தடையையும் ஒழிக்கப் போவதாக டாக்டர் அறிவித்தார். மேடையில் ஒரு வாஷ்பேசினைக் குழாய் இணைப்போடு பொருத்தியிருந்தார்கள். மறுபூட்டிக் குப்பிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தொடித்து அவர் அதில் ஊற்ற, ஊர் ஒவ்வொன்றுக்கும் கைதட்டியது. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இசக்கிராணி. அந்த வாரம்தான் அவளுக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது. முன்வரிசையில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். கை மட்டும் தட்ட முடியவில்லை. தட்டினால் உள்ளங்கை வெடிக்கும்.

விழாவின் முடிவில் நிலையத்தின் முகப்புக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். உள்ளே நீல வெல்வெட் மேல் இரும்பு ஸ்கேல். கீழே ஒரு பலகை: 'தடைக்காலக் கருவி. சொறியப் பயன்பட்டது.' பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டின. எட்டாம் வகுப்பு பி பிரிவும் வந்தது. ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை என்று அவர்களைக் கூட்டிவந்த வாத்தியார் வருத்தப்பட்டார்.

டீச்சர் கிறிஸ்மஸைப் பார்க்கவில்லை. சவப்பெட்டியில் பட்டுச்சேலை உடுத்திப் படுக்க வைத்திருந்தார்கள். மாம்பழ நிறம், அரக்குக் கரை. ஒன்றும் சொல்லாமல் உடுத்திக்கொண்டிருந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் தங்கத்துரையின் கையைப் பிடித்தார்கள்.

"கடைசி வரைக்கும் அரிச்சுதா அண்ணாச்சி?"

"கடைசி மூச்சு வரைக்கும்."

"பாக்கியவதி."

தங்கத்துரை தலையாட்டினார். அன்றைக்கு அந்த வீட்டில் சொறியும் சத்தம் இல்லை. சத்தமில்லாமல் அவரால் தூங்க முடியவில்லை. இப்போதும் தூங்குவதுபோல் கிடந்தார், பழக்கத்தில்.

சில ஆண்டுகள் கழித்து டாக்டர் ஆவுடையப்பனுக்கு முதல் வட்டம் வந்தது மார்பில், இடது பக்கம். குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றவர் துண்டோடு வெளியே வந்து வீட்டிலிருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். செய்தியாளர்களுக்குச் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். 'கண்டுபிடித்தவரைக் கௌரவித்தது கண்டுபிடிப்பு' என்று தலைப்புப் போட்டார்கள். வட்டம் வயிற்றுக்கு இறங்கியது. முதுகுக்குத் தாவியது. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், எந்தக் கையும் எட்டாத ஓர் இடத்தில், தங்கிவிட்டது. பெருமை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் தூக்கமும் போனது. இசக்கிராணியை அறைக்கு வரச்சொன்னார்.

"எனக்கும் வந்துட்டு பாத்தியா?" என்றார். குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. "நல்லாத்தான் அரிக்குது. இருந்தாலும் ஒரு எட்டு ரத்தத்தைப் பாரு."

அவள் எடுத்துக்கொண்டு போனாள். மாலையில் திரையில் போட்டுக் காட்டினாள். மூளை மாதிரி மடிந்த கருக்கள், ஒன்றுபோலவே எல்லாம்.

"இது அந்த டீச்சரம்மா ஸ்லைடுதான?"

"இல்ல சார். அதை அழிக்கச் சொல்லிட்டீங்க."

 டாக்டர் முதுகை நாற்காலியில் சாய்த்தார். சாய்த்த விதத்தில் ஓர் அசைவு கூடுதலாக இருந்தது. இசக்கிராணி ஜன்னலைப் பார்த்தாள்.

"மறுபூட்டி ஒன்னுகூடவா மிச்சமில்ல?"

"நீங்கதான சார் ஊத்துனீங்க."

"நான் ஊத்துவேன். நீ ஒன்னு எடுத்து ஒளிச்சு வச்சிருக்கணும்லா?"

"வச்சிருந்தா வேலையை விட்டுத் தூக்கியிருப்பீங்க."

"தூக்கியிருப்பேன்," என்று நியாயமாக ஒப்புக்கொண்டார். "சரி, புதுசாச் செய்யலாம்லா?"

"செஞ்ச கூடத்தை மூடிட்டு அங்க பொன்னாடை அடுக்கி வச்சிருக்கோம் சார். மறுபடி தொறந்து, ஆளு சேத்து, பழையபடி செய்யதுக்குள்ள..."  மீதிக் கணக்கு அவருக்குத் தெரியும்.

"ஊர்ல இது மாதிரி எத்தனை பேருக்கு இருக்கும்?"

"தெரியாது சார். யாருக்கு மருந்து அரிப்பு, யாருக்கு நோய் அரிப்புன்னு பிரிச்சுப் பாக்க ஆள் கேட்டேன். நீங்க பொன்னாடை போட ஆள் எடுத்தீங்க." கதவு வரைக்கும் போனவள் திரும்பினாள். "அபூர்வமான நோய்னு இனிமே சொல்லமுடியாதுன்னு நெனைக்கேன்."

வெளியே தெருவில் யாரோ யாரையோ விசாரித்தார்கள். நல்லா அரிக்கிறதாம்.

அவ்வாண்டின் விழிப்புடல் விருதுக்கு வேறு யாரையும் யோசிக்கக்கூட இல்லை. விழா காலை பத்து மணிக்கு. அரங்கம் நிரம்பி வழிந்தது. டாக்டருக்கு மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், அதன்மேல் மாணவர் சங்கம் ஒன்று, வர்த்தகர் சங்கம் ஒன்று. ஜரிகை தடிமனான ஜரிகை. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது பொன்னாடையில் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. அடுத்தது அவருடைய பேருரை. "ஒரு நிமிசம்" என்று தொகுப்பாளர் காதில் சொல்லிவிட்டு மேடைக்குப் பின்வழியாக இறங்கினார்.

முகப்புக்கூடத்தில் ஆளில்லை. எல்லோரும் அரங்கத்தில் இருந்தார்கள். கம்பங்கள் இருந்தன. ஒரு கம்பத்தின் பக்கத்தில் நின்றார். எருமை ஞாபகம் வந்தது. தாண்டிப் போனார்.

கண்ணாடிப் பெட்டியின் சாவி அவருடைய கொத்திலேயே இருந்தது. பொன்னாடைகளைக் கழற்றித் தரையில் போட்டார். பெட்டியைத் திறந்தார். ஸ்கேலை எடுத்து, சட்டைக் காலருக்குப் பின்னால் செருகி, கண்ணை மூடிக்கொண்டு சொறிந்தார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார். அரங்கத்திலிருந்து ஒலிபெருக்கி கேட்டது:

"அரிக்குதா?"

"அரிக்குது!" என்று கூட்டம் கூரை அதிரச் சொன்னது.

கண்ணைத் திறந்தபோது எதிரே தங்கத்துரை நின்றுகொண்டிருந்தார். கையில் விழா அழைப்பிதழ். விழாக்களுக்கு அவர் ஆண்டுதோறும் வருவார். அரங்கத்துக்குள் போகமாட்டார். இந்தப் பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார் என்பது காவலாளிக்கு மட்டும் தெரியும்.  ஸ்கேல் காலரிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அரிக்குதா சார்?" என்றார் தங்கத்துரை, மரியாதையாக. அந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்பதுதான்.

"நல்லா அரிக்குது."

தங்கத்துரை தலையாட்டினார். அவருடைய கழுத்தோரத்தில் ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்தது. திரும்பி வாசல் வரைக்கும் நடந்தவர், என்ன நினைத்தாரோ, நின்றார்.

"நம்பர் உள்ள பக்கம் தோலைக் கிழிச்சிரும் சார். அவளுக்கு அப்படித்தான் ரத்தம் வரும். மறுபக்கம் புடிங்க. இதமா இருக்கும்."

அவர் போய்விட்டார். ஒலிபெருக்கி டாக்டரின் பெயரைச் சொல்லி அழைத்தது. மறுபடியும் அழைத்தது.

டாக்டர் ஆவுடையப்பன் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்தார்.